கலங்கிய குடுவை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள், வேலூரில் ஒரு மருத்துவமனையின் செல் வளர்ப்புக் கூடம் என் பொறுப்பில் இருந்தது. எலும்பு மஜ்ஜையைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரோமல் செல்களைப் பிரித்து, குடுவைகளில் பெருக்கி, நோயாளிக்குச் செலுத்தத் தகுந்த நிலைக்குக் கொண்டுவருவது எங்கள் பணி. அக்கூடத்தின் தூய்மை குறித்து எவரும் ஒரு சொல் கூறியதில்லை. கூற நான் இடம் வைத்ததுமில்லை.

எங்கள் திருச்சபையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் மகன், ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவன், இரத்தப் புற்றுநோய்க்காகத் தன் அக்காளின் மஜ்ஜையைப் பெற்றிருந்தான். அதிலிருந்து உண்டான செல்கள் அவனுடைய தோலையும் குடலையும் தாக்கத் தொடங்கின. மருந்துகள் பலிக்கவில்லை. அதே அக்காளின் இடுப்பெலும்பிலிருந்து மீண்டும் மஜ்ஜை எடுத்து, அத்தாக்குதலைத் தணிக்கக்கூடிய ஸ்ட்ரோமல் செல்களை வளர்க்கும்படி என்னிடம் ஒப்படைத்தார்கள். குணமாகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வேறு வழியும் இருக்கவில்லை.

செல்கள் குடுவையின் அடியில் ஒட்டி நன்றாகவே பெருகின. இறுதிக் கட்டத்தில் வளர்ப்புத் திரவத்திலிருந்து கிருமிக்கொல்லி மருந்தை விலக்குவது எங்கள் முறை. விலக்கிய மறுநாள் அவனுக்கான குடுவைகள் அனைத்தும் கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கியிருந்தன. எல்லாவற்றையும் அழித்தோம். மறுபடி தொடங்கிப் பெருக்கி முடிக்கும்வரை அவன் தாங்கமாட்டான்.

அருகிலிருந்த மற்றவர்களின் குடுவைகள் தெளிவாகவே இருந்தன. ஆகவே கிருமி மஜ்ஜையோடு வந்து, மருந்து இருந்தவரை அடங்கிக் கிடந்திருக்க வேண்டும். அக்காளைத் தனியே அழைத்தேன்.

“மஜ்ஜை எடுக்கிறதுக்கு முன்னாடி இடுப்புல ஏதாவது தடவினீங்களாம்மா?”

“சிஸ்டர் சுத்தம் பண்ணி, துணி வச்சு மூடிட்டுப் போனாங்க சார். அப்பறம் அம்மா துணிய எடுத்துட்டு ஜெப எண்ணெய் பூசுனாங்க. தம்பிக்காக. நானும் வேணாம்னு சொல்லல.” குரல் இறங்கியது. “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார். தாங்க மாட்டாங்க.”

எண்ணெய்தான் காரணம் என்று நிறுவ வழியில்லை. ஸ்பிரிட்டுக்குச் சாகாத கிருமி வித்துகள் அதில் இருந்திருக்கலாம். அறுவை அறையில் மீண்டும் துடைத்தபோதும் தப்பியிருக்கலாம். அவ்வளவுதான்.

மாலையில் அந்த அம்மாள் என் அறைக்கு வந்தார்.

“இன்னா சார் ஆச்சு?”

“எங்க கூடத்துல தப்பு நடந்துபோச்சும்மா.”

“போதகரே வந்தாலும் செருப்போட உள்ள வுடமாட்டீங்களே! அவ்ளோ சுத்தம் பார்த்தது என் புள்ளய சாவடிக்கத்தானா?”

அவருக்குப் பின்னால் மகள் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

மேலிடத்துக்கு நடந்ததை நடந்தபடி தெரிவித்தேன். திருச்சபையில் வாய் திறக்கவில்லை. அங்கே அடுத்த ஞாயிறு முதல் என் பெஞ்சில் எவரும் உட்காரவில்லை. நான் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தேன். அந்த அம்மாள் காலமான பின்னரே இதை எழுதுகிறேன்.

மகனின் கடைசிப் பிற்பகலில் வார்டுக்குச் சென்றேன். தீயில் வெந்ததுபோல் தோல் உரிந்து கிடந்தான்.

“நீங்க வெளியவே நில்லுங்க சார்,” என்றார் தாய்.

கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். கைப்பையிலிருந்து சிறு பாட்டிலை எடுத்து, விரலில் எண்ணெய் தொட்டு மகனின் நெற்றியில் வைத்தார். பிறகு அதை மூடி மகளிடம் நீட்டினார்.

“நீயும் பூசும்மா.”

அவள் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை.

“பூசேன்டி,” என்றார் தாய்.