பெயர் வைத்துக் கொடுத்த கம்பவுண்டர்

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. ஆனால் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. கம்பவுண்டர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். மருந்துக் கடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடங்கள் நின்றவர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீட்டுகளில் டாக்டர்கள் கிறுக்கும் இரண்டெழுத்து மூன்றெழுத்தெல்லாம் லத்தீன் என்று யாரோ சொன்னார்கள். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு லத்தீன் அகராதி கிடைத்தது. மருந்துக்காக வாங்கியது, கடைசியில் பிள்ளைகளுக்குத்தான் உதவியது. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வயிற்றுவலி மருந்துக்கு வருகிறவர்கள், "கம்பவுண்டரே, புதுசா ஒரு பேரு சொல்லுங்களேன்" என்பார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசிப்பார். ஸ்டெல்லா என்றால் விண்மீன். விக்டர் என்றால் வென்றவன். அர்த்தம் சொல்லாமல் பெயர் தரமாட்டார். அது மருந்தின் அளவைச் சொல்லாமல் பாட்டிலைக் கொடுப்பது போல என்பார்.

அடுத்த வீட்டுத் தையல்காரர் தன் மூத்த மகளுக்குப் போர்ஷியா என்று வைக்க ஆசைப்பட்டார்.

"கேக்கவே கம்பீரமா இருக்குல்ல?"

"தாராளமா வைங்க. பன்னியிலேருந்து வந்த பேரு."

அன்று சாயங்காலமே அந்தக் குழந்தை கிளாரா ஆனது. கிளாரா என்றால் தெளிவு.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேர் வைக்கிறார், பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு உண்டு. கல்யாணமாகிப் பதினான்கு வருடம். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேச்சு அவள் காதுக்கும் வரும். "சொல்றவங்க வாயை நாம தைக்க முடியுமா?" என்று விடைத்தாள் திருத்தப் போய்விடுவாள்.

பதினைந்தாம் வருடம் அவள் உண்டானாள். மூன்று மாதம் முடியும்வரை இருவரும் அதைச் சத்தமாகப் பேசக்கூட இல்லை. ஐந்தாம் மாதத்தில் அவளே அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெண்தான் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

"அமாண்டான்னா என்னங்க?"

"நேசிக்கப்பட வேண்டியவள். விருப்பப்பட்டா நேசிக்கலாம்னு இல்ல. நேசிச்சே ஆகணும்."

அவள் புத்தகத்தை மூடினாள். "இது போதும். வெற்றி, வெளிச்சமெல்லாம் அவளாத் தேடிக்கட்டும். இதை மட்டும் நாமதானே குடுக்கணும்."

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவள் சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அசைவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் கருவியை வயிற்றின் மேல் நகர்த்திக்கொண்டே இருந்த டாக்டர், ஒரு கட்டத்தில் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். மறுநாள் மதியம் குழந்தை பிறந்தது. பெண்தான். தலை நிறைய முடி. நர்ஸ் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள். கால்மணி நேரம் அவள் வைத்திருந்தாள். பிறகு கம்பவுண்டர் வாங்கிக்கொண்டார். இத்தனை வருடம் மருந்தை அளந்து பழகிய கைக்கு, குழந்தையின் எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று தானாகத் தெரிந்தது. அது தெரிந்ததற்காகத் தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

பதினோராம் நாள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கண்ணே. என் பையனுக்கு ஃபெலிக்ஸ்னு வச்சது நீங்கதானே? மகிழ்ச்சியானவன்னு சொன்னீங்க."

கம்பவுண்டர் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். குமாஸ்தா படித்தார். முகம் மாறியது. வேறு ஒரு படிவத்தை எடுத்தார். அதில் தாய் பெயர், தந்தை பெயர், எத்தனை வாரம், காரணம் என்று கட்டங்கள் இருந்தன. குழந்தையின் பெயருக்குக் கட்டம் இல்லை.

"பேரு எங்க எழுதணும்?"

"அண்ணே... உயிரோட பிறந்தாத்தான் பேர். இதுக்குக் கிடையாது."

"ஓரத்துல எழுதிக்கலாமே."

"எழுதினா மேல திருப்பி அனுப்பிடுவாங்கண்ணே. நான் என்ன செய்வேன்?"

மேலதிகாரியிடம் போனார். மனு எழுதச் சொன்னார்கள், எழுதினார். பெயரின் அர்த்தத்தையும் மனுவில் எழுதியிருந்தார். ஏழு தடவை நடந்தார். ஏழாம் தடவை குமாஸ்தாவே கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். மூன்றே வரி. விதிகளில் இடமில்லாததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அதில் குழந்தையை 'மேற்படி' என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

கடிதத்தை மனைவி இரண்டு முறை படித்தாள். "கேக்காமயே இருந்திருக்கலாம்" என்றாள். "நம்ம மனசுலயாவது அவ பேரோட இருந்தா. இப்ப எழுத்துலயே இல்லைன்னு வாங்கிட்டு வந்துட்டீங்க."

 அவள் சொன்னது சரி என்றே அவருக்குப் பட்டது.

அடுத்த மாதம் தையல்காரருக்கு இரண்டாவது பெண் பிறந்தது. தையல்காரர் மனைவி குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். வெள்ளை மனசுக்காரி, வாய்தான் முந்திக்கொள்ளும்.

"டீச்சர் ஒரு தடவை சொன்னாங்களே, அமாண்டான்னு? அவ்ளோ நல்ல பேரு சும்மாதானே கிடக்குதுண்ணே. எங்க பொண்ணுக்கு வச்சுக்கட்டுமா?"

கம்பவுண்டர் கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயருக்கு உரியவள் என்று ஒருத்தி இல்லை என்பதை எழுத்தில் வாங்கியவர் அவர். எந்த உரிமையில் மறுப்பது?

"வச்சுக்கங்கம்மா" என்றார்.

"அர்த்தம் சொல்லலியே?"

"கிளாராவுக்கு ஒரு தங்கச்சின்னு வச்சுக்கங்க" என்று உள்ளே போய்விட்டார்.

உள்ளே மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, எதுவும் வேகாத பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.  அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் குளிப்பாட்டும்போது, பால் கொடுக்கும்போது, கொஞ்சும்போது அந்தப் பெயர் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டது. மூன்று மாதம் தாங்கினார்கள்.

"வேற வீடு பாருங்க" என்றாள் அவள்.

ஊரின் மறுகோடியில், மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. கம்பவுண்டர் கடை வேலையை விட்டு மருந்துக் கிடங்கில் சேர்ந்தார். அங்கே பெட்டிகளோடு மட்டும்தான் பேச்சு. அகராதியை எங்கே விட்டார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து நலம் விசாரித்தாள். தண்ணீர் வரும் நேரம், குப்பைக்காரர் வரும் நேரமெல்லாம் சொன்னாள். கிளம்பும்போது, "உங்களுக்குப் பிள்ளைங்க?" என்றாள்.

"ஒண்ணு" என்றார் கம்பவுண்டர்.

"இல்லை" என்றாள் மனைவி.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கீழ்வீட்டு அம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். கம்பவுண்டர் கதவைச் சாத்தினார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.