நுகம் படாத கழுத்துச் சதை

கம்பவுண்டர் ஞானாபரணம் காலமான செய்தி தந்தியில் வந்தது. நான் அப்போது ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு எருமையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். கை ஈரமாக இருந்ததால் தந்திக்காரரையே வாசிக்கச் சொன்னேன். மலைப்பக்கத்தில் விஷக்காய்ச்சல், மூன்றே நாள், உடலை ஊருக்குக் கொண்டுவந்தாயிற்று, நாளைக் காலை அடக்கம். அவர் வாசித்து முடித்ததும் நான் மறுபடியும் எருமையின் வாய்க்குள் குனிந்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவரோடு வேலை செய்த உங்களில் சிலர், அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி என்னைக் கேட்டீர்கள். நேரம் தவறாதவர், மருந்துப் பொடி மடிப்பதில் கை சுத்தம், யாரையும் கடிந்து பேசமாட்டார். இதையெல்லாம் அடக்கத்தன்று நானே எழுந்து பேசிவிட்டேன். அன்றைக்குப் பேசாமல் விழுங்கியதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது கௌரவமான வேலை அல்ல.

சில வருஷங்களுக்கு முன்பு, மாடுகளுக்கு ஊசி போடக் கற்க வந்தவர்களுக்காகத் தமிழில் ஒரு கைப்புத்தகம் எழுதும்படி எனக்கு உத்தரவு வந்தது. எலும்புவரை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். சதைகளைப் பற்றிய பாகத்தில் வண்டி நின்றுவிட்டது. சென்னையில் படித்ததெல்லாம் லத்தீன் பெயர்கள். தமிழில் எனக்குத் தெரிந்தது தொடை, சப்பை, விலா, அவ்வளவுதான்.

"வே கம்பவுண்டரே, உமக்கு ஏதாவது தெரியுமா?" என்றேன். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர்.

"எனக்கு எங்க தெரியும் அய்யா? மாட்டுக்காரன்கிட்டல்லா கேக்கணும்" என்றார்.

கேட்கவே போய்விட்டார். உழவுக்காலம் முழுவதும், லீவு கிடைத்த நாளெல்லாம், சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஏர் போகும்போது காளையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். எந்தச் சதை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று உழுகிறவரோடு பேசிப் பேசிக் குறித்துக்கொண்டார். ஒரு நாள் நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "உதைக்குத சதை எதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சு அய்யா" என்று சிரித்தார்.

செத்த மாட்டை அறுத்துப் பார்த்தால் ஒரு பகலில் முடிகிற வேலைக்கு இத்தனை பாடா என்று நான் கேலி செய்தேன். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "செத்த மாட்டுல சதை சும்மால்லா கிடக்கு. உயிரோட இருக்கும்போ அது என்ன சோலி செய்யுதுன்னு பாத்து பேரு வைக்கணும் அய்யா." அப்படித்தான் வைத்தார். கலப்பையை இழுக்கும்போது புடைப்பது இழுசதை. தோலைச் சிலிர்த்து ஈயை விரட்டுவது ஈயோட்டிச் சதை. பாதுகாப்பாக ஊசி போடவேண்டிய இடத்துக்கு, நுகம் படாத கழுத்துச் சதை. நாற்பது பெயர்கள், பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில், குண்டுகுண்டான எழுத்தில்.

கையெழுத்துப் பிரதியைப் பார்வையிட நாலு பெரிய மனிதர்கள் கூடினார்கள். அவர்களில் ஒரு பண்டிதர் 'ஈயோட்டிச் சதை' என்று உரக்க வாசித்தார். அறையே சிரித்தது. இதைப் படித்தவர் எழுதினாரா, மாடு மேய்க்கிறவர் எழுதினாரா என்று கேட்டார். கம்பவுண்டர் எனக்குப் பின்னால் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்க்காமலே, "அது எங்கள் கம்பவுண்டர் கிறுக்கியது, தவறிச் சேர்ந்துவிட்டது" என்று சொல்லி, அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் விழுகிறது. வெட்கங்கெட்ட சிரிப்பு.

அடுத்த இரண்டு வாரத்தில் நாற்பது பெயரையும் அடித்து வடமொழியில் மாற்றினேன். நுகம் படாத கழுத்துச் சதை 'கிரீவ பூர்வபாக மாம்சபேசி' ஆயிற்று. எழுதிவிட்டு நானே வாசித்து மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஞானாபரணம் அதைப் புரட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. "மத்ததெல்லாம் இருக்கட்டும் அய்யா. அந்தக் கழுத்துச் சதைய மட்டும் பழையபடி விட்டிருங்க. ஊசி போடுத எடமில்லியா?" என்றார். அச்சுக்குப் போய்விட்டது என்றேன். போகவில்லை. என் மேசை இழுப்பறையில் இருந்தது.

வகுப்பில் அவர்தான் பாடம் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவர் கையையும் பிடித்து மாட்டின் கழுத்தில் வைத்துக் காட்டுவார். அவரிடம் படித்த எவரும் தவறு செய்ததில்லை. ஒருவர் மட்டும் வகுப்பு முடிந்த பிறகு வேலையில் சேர்ந்தார். நான்தான் புத்தகத்தைக் கையில் கொடுத்து, இது போதும், போய் வேலையைப் பாரும் என்று அனுப்பினேன். அவருக்குக் கிரீவமும் தெரியவில்லை, பூர்வபாகமும் தெரியவில்லை, கேட்கக் கூச்சம். சதை அதிகமாக இருக்கிற இடம் என்று தானே முடிவுசெய்து, ஒரு காளையின் பின்பக்கச் சப்பையில், காலுக்கு நரம்பு ஓடுகிற இடத்தில் ஊசியை இறக்கிவிட்டார்.

காளையின் சொந்தக்காரர் எங்களிடம் வந்து நின்றார். "காலு தரையில இழுக்கு டாக்டரே. ஒத்தக் காளைய வச்சு நான் எப்படி உழ? ஊறப்போட்ட வித்து முளைச்சு நிக்கு" என்றார். அந்தக் கால் பிறகு சரியாகவே இல்லை. அந்தப் போகம் அவருடைய வயல் தரிசாகக் கிடந்தது.

விசாரணை வந்தது. ஊசி போடச் சொல்லிக்கொடுப்பது யார் பொறுப்பு என்று மேலதிகாரி கேட்டார். "கம்பவுண்டர் பொறுப்பு" என்றேன். காகிதத்தில் அது உண்மை. அந்த ஆள் வகுப்புக்கே வரவில்லை என்று சொல்ல இன்னும் ஒரு வாக்கியம் போதும். அதை நான் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருந்த சமயம். ஞானாபரணம் என்னை ஒரு முறை பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "படிச்சுக் குடுக்கது நான்தான் அய்யா" என்றார்.

விஷக்காய்ச்சலுக்குப் பேர்போன மலைப்பக்கத்துக்கு அவரை மாற்றினார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. போகிற அன்று மருந்து அலமாரியின் சாவியைக் கொடுத்துவிட்டு, "கதவு கொஞ்சம் இறுக்கம், தூக்கித் திறக்கணும்" என்று மட்டும் சொன்னார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கடிதம் போட்டார். ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: மறுபடி அச்சிட்டால் அந்தக் கழுத்துச் சதையை மாற்றிவிடுங்கள் அய்யா. எந்தக் கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது அவர் மனைவி என்னிடம் வந்தார். அழுது ஓய்ந்த முகம். "அய்யா, ஒண்ணு கேக்கட்டா? அவிய தப்பா படிச்சுக் குடுத்துதான் அந்தக் காளைக்குக் காலு போச்சுன்னு சபையில எல்லாரும் சொல்லுதாவ. அவியகிட்ட கேட்டா சிரிப்பாவ, ஒண்ணும் சொல்லமாட்டாவ. நெசந்தானா?" என்றார். நான் அதிகாரி, தலைப்பாகை கட்டியிருந்தேன், சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "அதெல்லாம் பழைய கதை அம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். ஆயுசுக்கும் போதுமான கோழைத்தனத்தை அதற்கு முன்பே செய்து முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். இல்லை, மிச்சம் இருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மாட்டைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதக்கூடாது என்ற பழக்கம் இருக்கிறது, அது அவருடையது. அதைவிடக் கனமாக, அவர் மனைவி கேட்ட கேள்வி இருக்கிறது. இந்தப் பக்கத்தை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், நாலு பேர் கேட்க, சத்தமாக வாசியுங்கள்.

இல்லை அம்மா. அவர் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். தப்பு என்னுடையது. அதை அவர் சுமந்துகொண்டு மலையேறியபோது, நான் வாயைத் திறக்கவில்லை.