பால்குடம் வரும்போது மட்டும் கத்தாதீர்கள்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில், ஈப்போவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கும் திரையரங்கில் இது நடந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரையரங்கில் சத்தம் போடுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. வீட்டில் மசாலா டப்பாக்களுக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டி வைப்பவள் நான். டிக்கெட்டில் எந்த எண் இருக்கிறதோ அந்த இருக்கையில்தான் உட்கார வேண்டும், விளக்கு அணைந்ததும் பேச்சும் அடங்க வேண்டும் என்பது என் எண்ணம். என் கணவர் இதற்கு நேர் எதிர். பள்ளி வேன் ஓட்டியவர். பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பழகிய தொண்டை. நாங்கள் இருக்கும் சிலிபின் பகுதியில், தெருமுனையில் அவர் குரல் கேட்டதுமே நான் தேநீர் கலக்க எழுந்துவிடுவேன்.

பக்கவாதம் வந்து அந்தக் குரலைக் கொண்டுபோய்விட்டது. கையும் காலும் ஓரளவு தேறின. பேச்சு தேறவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால்தான் வேறு ஏதோ ஓர் ஒலி வரும். வீட்டுக்கு வந்த உறவினர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "தப்பா வந்தாலும் பரவால்ல, சத்தம் வரணும் அங்கிள். மூடியே வெச்சிருந்தா வர வேண்டியதும் வராது" என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். கைப்பேசியில் இருந்த அவருடைய பழைய குரல் பதிவுகளைப் போட்டுக் காட்டினால் எழுந்து அறைக்குள் போய்விடுவார்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வெளிவந்தது. நம் மலேசியத் தமிழ்ப் படம். சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் எடுத்தார்கள். அவர் நலமாக இருந்த காலத்தில் படக்குழுவினரை ஏற்றிச் செல்ல அவருடைய வேனைத்தான் வாடகைக்கு அமர்த்தியிருந்தார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாக் காட்சி. சுற்றுவட்டாரத்து மக்களே கூட்டமாக வந்து நின்றார்கள். பால்குடம் எடுத்து வந்த பெண்களுக்கு யாரும் வழி விடவில்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "ஏய், தள்ளி நில்லுங்கலா! பாலு எல்லாம் சிந்துது!" என்று வேனில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் அதட்டினார். இயக்குநர் அதைக் கேட்டுவிட்டு, அப்படியே கேமராவுக்கு முன்னால் வந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். எங்கள் வீட்டில் அந்தக் கதையைக் கேட்காத ஆளே இல்லை.

நாளிதழில் படத்தின் விளம்பரத்தைப் பார்த்ததும் அவராகவே அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்து விரலால் தட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஆசையாகக் கேட்ட ஒன்று அதுதான். அவர் தன் குரலை ஒரு தடவை பெரிய அரங்கில் கேட்டுவிட்டால் பயிற்சிக்கு மனம் இறங்கி வருவார் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. நடுவில், நடைபாதை ஓரமாக, கால் நீட்ட வசதியான இருக்கைகளாகப் பார்த்துப் பதிவு செய்தேன்.

போய்ப் பார்த்தால், அது திரையரங்கா சந்தையா என்றே தெரியவில்லை. எங்கள் இருக்கைகளில் ஒரு குடும்பம் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எழுப்பியதற்கு, "எங்க உட்காந்தா என்னக்கா, எல்லாம் ஒரே படம்தானே?" என்றார்கள். எனக்குப் பின்னாலிருந்த பிள்ளை என் முதுகை உதைத்துக்கொண்டே இருந்தது. படம் ஓடும்போதே ஒருவர் கைப்பேசியில், "ஆமாலா, படத்துலதான் இருக்கேன். பரவால்ல, நீ சொல்லு" என்றார். இவர் பரவாயில்லை என்று சொன்னால் போதுமா? எங்களிடம் யார் கேட்டது?

எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். திருவிழாக் காட்சி வந்தது. திரையில் பால்குடப் பெண்கள் தெரிந்த அடுத்த கணம் அரங்கமே வெடித்தது. படப்பிடிப்பு அன்று கூட்டத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அதோ நம்ம மாமா!", "என் சேல, என் சேல பாரு!" என்று ஆளாளுக்குக் கூச்சல். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தே நின்று, "நான்தான்! நான்தான்!" என்று வீறிட்டார். அவருடைய தோளுக்கு மேலே என் கணவரின் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நீயாவது கேட்டாயா என்று கேட்கிற பார்வை. வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் பயிற்சிக்குக் கிளம்பச் சொன்னால் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கூட்டத்தைத் திட்டித் தீர்த்துக்கொண்டே நான் துணி மடித்தேன்.

படத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வார நாளில் பகல் காட்சிக்கு மறுபடி பதிவு செய்தேன். அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அரங்கில் ஆள் குறைவாக இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். திடுக்கிட்டுப் பார்த்தால், அதே பெண்! கூடவே இன்னொருத்தி.

விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இனிமேல் யோசிக்க நேரமில்லை என்று எழுந்து அந்தப் பெண்ணிடம் போனேன். பால்குடம் வரும் இடத்தில் மட்டும் தயவு செய்து சத்தம் போடாதீர்கள் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, அதான் என் சீனே! கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள போயிரும். இவ என் தங்கச்சி, இதப் பாக்கத்தான் பாரிட் புந்தார்லேர்ந்து லீவு போட்டு வந்திருக்கா. அப்ப கத்தாம வேற எப்பக்கா கத்துறது?"

வீட்டிலிருந்து யோசித்து வைத்திருந்த நாகரிகமான வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. "அவருக்கு இப்போ பேச்சு வராதும்மா. இந்தப் படத்துல மட்டும்தான் பேசுறாரு" என்று என் கணவரைக் காட்டினேன்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தார். "அட, அந்த வேன் அண்ணனா? அன்னைக்கி எங்கள எல்லாம் அந்த ஏச்சு ஏசுனாரே, அவரா?" முகம் மாறிவிட்டது. "சரிக்கா. நான் வாய மூடிக்கிறேன். ஆனா இவ வாய்க்கு நான் பொறுப்பில்ல" என்று தங்கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு படத்தை யார் பார்த்தது? அரங்கில் யார் இருமினாலும் திரும்பி முறைத்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் கைப்பேசியில் பேச ஓர் ஆளை அனுப்பி வைப்பார்கள் போலிருக்கிறது. அன்றும் பின்னால் ஒருவர் தொடங்கியிருந்தார்.

திருவிழா வந்தது. பால்குடங்கள் வந்தன. முன் வரிசைப் பெண் ஒரு கையால் துப்பட்டாவைத் தன் வாயில் அழுத்திக்கொண்டு, மறு கையால் தங்கையின் வாயைப் பொத்தினார். தங்கை தலையை ஆட்டித் திமிறினாள், அவர் விடவில்லை.

"ஏய், தள்ளி நில்லுங்கலா! பாலு எல்லாம் சிந்துது!"

முழுவதும் கேட்டது. நான்கு பக்கச் சுவரிலிருந்தும் கேட்டது.

அவர் அழுவார் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அழவில்லை. இருக்கைக் கையை ஓங்கித் தட்டினார். "ஆ!" என்று ஒரு சத்தம் போட்டார். திரையைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார், மறுபடியும் "ஆ! ஆ!" என்றார். தொண்டை கிழிகிற சத்தம். அடுத்த வசனம் யாருக்கும் கேட்டிருக்காது. பின்னாலிருந்து ஒரு குரல் எரிச்சலாக, "ஹலோ அங்கிள், கொஞ்சம் சும்மா இருங்கலா! நாங்களும் காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்!" என்றது.

அது நான் சொல்ல வேண்டிய வாக்கியம். அவரை அடக்க என் கை தானாகப் போனது. பாதி வழியில் அதை இழுத்துக்கொண்டேன்.

எனக்குப் பதிலாக முன் வரிசைப் பெண் எழுந்து திரும்பினார். அடக்கி வைத்திருந்த சத்தத்தையெல்லாம் சேர்த்து, "யோவ், அவருதான்யா அது! இப்ப ஏசுனாரே, அவரு!" என்று கத்தினார். எங்கோ ஒரு விசில் கேட்டது. கைப்பேசிக்காரர் மட்டும் அசரவில்லை. "இல்ல மச்சான், இங்க ஒருத்தரு படத்துலயும் இருக்காரு, பக்கத்துலயும் இருக்காரு" என்று தொடர்ந்தார்.

என் கணவருக்கு இன்றும் முழுச் சொல் வரவில்லை. ஆனால் பயிற்சிக்கு உட்கார்ந்தால் வாயைத் திறக்கிறார். யார் பார்த்தாலும் நிறுத்துவதில்லை. திரையரங்கில் கைப்பேசியில் பேசுகிறவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் இருட்டில் யாராவது திடீரென்று கத்தினால், திரும்பி முறைப்பதற்கு முன் ஒரு கணம் திரையைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே வந்து போகிறவர் அவர்களுடைய வீட்டு ஆளாகவும் இருக்கலாம் அல்லவா?