சரணம் பாடாத வித்வான்

கண்டனூர்க் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பழைய வித்வான் ஒருவரின் தோடி ராகக் கீர்த்தனையை இசைத்தட்டில் போடக் கேட்டபோதுதான் எனக்குத் தோன்றியது: கடைசிப் பகுதியான சரணத்தைப் பாடாமல் அனுபல்லவியோடு நிறுத்தும் துணிச்சல் இந்த வித்வானுக்கு மட்டுமே உண்டு.

காரைக்குடி ரேடியோ கடையில் மாலைதோறும் கூடும் எங்கள் கச்சேரிப் பைத்தியங்களிடம் ஆறு மாதம் இதையே வாதாடினேன். மறுத்தவர் சாக்கோட்டை யூனியன் ஆபீஸ் கிளார்க் சுப்பையா மட்டும்தான்.

"சரணம் இல்லாம ஒரு கீர்த்தனையா தம்பி? எங்குட்டோ இடிக்குதே."

"அண்ணே, நீங்க ஃபைல் கட்டுறவுக. மௌனத்தோட ருசி உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள். அதன்பின் அவர் வரவில்லை.

போன வாரம் அந்த இசைத்தட்டு கடைக்கே வந்தது. அனுபல்லவி முடிந்து ஊசி நின்றதும், "இதுதான் மௌனம்!" என்றேன். கடைக்காரர் தட்டைத் திருப்பிப் போட்டார். சரணம் தொடங்கியது.

"பாட்டு ரெண்டு பக்கமும் இருக்கு. இது தெரியாமயா இம்புட்டு நாளும் பேசுனீக?"

கல்யாண வீட்டில் ஒரு பக்கம்தான் போட்டிருக்கிறார்கள். மறுபக்கம் வேறு பாட்டு என்று நானே முடிவுகட்டியிருந்தேன். மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய சுப்பையா மட்டும் அங்கே இல்லை.

நாளை சாக்கோட்டைக்கு பஸ் ஏறி அவரைக் கடைக்கு அழைத்து வரப்போகிறேன். எல்லார் முன்னாலும் அவர் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அதற்குத்தான் இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.