உதடு ஒட்டாத எழுத்துகள்

என் மாமியாருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எப்போதோ டைபாய்டு வந்தபோது போய்விட்டது. ஆனால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார். எதிர்ப் போர்ஷன்காரி முற்றத்துக்கு அந்தப் பக்கம் கணவரிடம் முணுமுணுப்பதை, இந்தப் பக்கம் அரிசி களைந்தபடி எனக்கு ஒப்பிப்பார். எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒண்டுக்குடித்தனம். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் தனியாகப் பேச ஒரு மூலைகூடக் கிடையாது.

புது பாஷை ஒன்று செய்துகொள்ளலாம் என்றது அவர்தான். ‘க’ பாஷை ஆகாது, அதில் மாமியார் சின்ன வயதிலேயே கெட்டிக்காரி. அந்தக் காலத்துப் புலவர்கள் உதடு ஒட்டாமலே செய்யுள் பாடியிருக்கிறார்கள், நாம் பேசக் கூடாதா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிடித்தும் இருந்தது.

மாமியார் கோயிலுக்குப் போகும் சாயங்காலங்களில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று எழுத்துகளுக்குப் பரீட்சை வைத்தோம். ப, ம, வ மூன்றும் முதல் நாளே வெளியே. உ, ஒ சொன்னால் உதடு குவிந்தது, அவையும் போயின. ‘த’ இருக்கட்டும் என்று அவர் கெஞ்சினார். நாக்கு நுனி தெரிகிறது என்று சண்டை போட்டு அதையும் எடுத்தேன். ‘ழ’ ஓசைப்படாமல் உள்ளேயே சுருண்டுகொண்டது, அதற்கு முதல் மரியாதை. மிச்சமிருந்ததை வைத்துச் சொல் கட்டினோம். வீட்டுக்கு ‘அழ்க்கி’. மாமியாருக்கு ‘ணங்ணி’, அதை வைத்தது அவருடைய பிள்ளைதான்.

தனிக்குடித்தனம் போகலாம் என்று ஆரம்பித்ததும் அவர்தான். அடையாற்றில் ஒரு மாடி போர்ஷன் பார்த்துவிட்டு வந்தார். கடல் காற்று வருமாம், தண்ணீர்க் கஷ்டம் இல்லையாம். அங்கே எங்களுக்கென்று ஒரு கதவு இருக்கும், சாத்திக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கதவு போதும். ஆபீஸில் டைப் அடிக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று மாமியார் எதிரிலேயே, சாப்பிட்டுக்கொண்டே, எங்கள் பாஷையில் பேசினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் ரசம் சாதத்துக்கு வந்திருந்தோம். அடையாற்று வீட்டுக்காரரிடம் பேசியாயிற்றா என்று அந்தப் பாஷையில் கேட்டேன். நாளைக்கு என்றார், அதே பாஷையில். மாமியார் என் முகத்தைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அடையாறுதானே? அவன்தான் மாட்டேங்கறானேடி. அம்மாவை விட்டுட்டு வரமாட்டேன்னு தலைபாடா அடிச்சுண்டும் நீ கேக்கலையாமே. ஏன் அவனைப் போட்டுப் பிடுங்கறே?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார், அதுதான் தாங்கவில்லை. அவர் படிக்க ஒன்றுமே விடாமல் பார்த்துப் பார்த்து எழுத்தைக் கழித்திருந்தோம். யாராவது சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.

“நீங்க சொன்னேளா?” என்று என் கணவரிடம் கேட்டேன். மாமியாரும் படிக்கட்டும் என்று தமிழிலேயே கேட்டேன்.

“நீ பேசினதைத்தான் சொன்னேன். அம்மாகிட்ட எப்படி மறைக்கறது?”

“நீங்க பேசினது?”

அவர் இலையைப் பார்த்துக்கொண்டு மோர் கேட்டார்.

தான் பேசியதில் ஒரு சொல்கூட அம்மாவிடம் சொல்லவில்லை. மாடியும் கடல் காற்றும் கதவும் மொத்தமாக என் தலையில் விழுந்தன. அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தங்கமான பிள்ளை. முந்தின வாரம்தான் ‘ஐ’யைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று என் தோளில் கை போட்டுக் கேட்டிருந்தார். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பதைக் கதைகளில்தான் படித்திருந்தேன்.

மறுநாள் காலை நான் ஆபீஸுக்குச் செருப்பு மாட்டும்போது அவர் வாசலில் வந்து நின்றார். மெதுவாக, எங்கள் பாஷையில், நீளமாக ஏதோ சொன்னார். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்ததுதான்.

“எனக்குப் புரியலை” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.