அழிக்கும் முன் கேட்கச் சொன்ன ரீட்டா

ரீட்டா போன செய்தி எனக்கு ஒரு பூமாலை ஆர்டராக வந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் பூக்கட்டும் இடத்தில், நிலக்கோட்டை வண்டி பூ மூட்டையை இறக்கிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், அவளுடைய அண்ணன் அந்தோணி வந்து நின்றார்.

“முத்தக்கா, ஒரு மாலை வேணும். பெருசா.”

“யாருக்கு தம்பி?”

அவர் என் மடியில் கிடந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் சொல்லிவிடுவார் என்று இருந்தது. ஒரு முழம் போல கட்டியிருப்பேன். அதற்குமேல் நார் கையில் நிற்கவில்லை.

அவளுக்கு நான் கட்டிய மாலை அது இரண்டாவது. முதல் மாலையை அவள் உயிரோடு இருக்கும்போதே போட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் ரீட்டாவைத் தெரிந்தவர்கள். மனு டைப் அடிக்கவோ, கல்யாணப் பத்திரிகை அடிக்கவோ அந்தோணியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருப்பீர்கள். அவள் தலை நிமிராமல் அடித்துக் கொடுத்திருப்பாள். ஆனால் சனிக்கிழமை மத்தியானங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு அந்தோணி ஆர்டர் பிடிக்கச் சேவுகம்பட்டிப் பக்கம் போய்விடுவார். சென்டரில் மூன்று மிஷின் சும்மா இருக்கும். ரீட்டா, ஜோதி, நான் மூன்று பேரும் உட்காருவோம். வீட்டில் டப்பாவில் கிடக்கிற போட்டோக்களை கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, பின்னால் ஒரு நிறம் கொடுத்து, ஓரத்தில் பூவும் சரிகையும் பழைய பஸ் டிக்கெட்டும் ஒட்டி, நாலு வரி எழுதி, ஒரு பக்கமாகச் செய்வோம். கத்திரியும் பசையும் கிடையாது, எல்லாம் திரைக்குள்ளேயே. வெளிநாட்டுப் பெண்கள் இப்படிச் செய்து நெட்டில் போடுவதைப் பார்த்துவிட்டு ரீட்டாதான் ஆரம்பித்தாள். யாருக்கும் விற்பதற்கில்லை. எங்களுக்கு அதில் ஒரு கிறுக்கு, அவ்வளவுதான்.

என்னை அவள் கூப்பிட்டது பூ வாங்க வந்த இடத்தில். நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்த என் மகளுடைய போட்டோ ஒன்று பையில் மடங்கிக் கிடந்தது. அதை எடுத்து நீவிப் பார்த்துவிட்டு, “இதை வச்சு ஒரு பக்கம் செய்யலாமேக்கா” என்றாள்.

“நான் அஞ்சாப்புதான் தாயி. எனக்கு எங்க வரப்போகுது?”

“மவுசு சர்டிபிகேட் கேக்காதுக்கா. வாங்க.”

முதல் நாள் மவுஸ் மேஜையின் ஓரத்துக்கு வந்ததும் அதை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்த்தினேன். ஜோதி சிரித்து அடங்கவில்லை. அவள் ஒட்டன்சத்திரத்துக்காரி, பேங்கில் வேலை பார்ப்பவரின் மனைவி. மரியாதையாகவே குத்துவாள். “ஏனுங்க அக்கா, அது டி.வி. ரிமோட்டு இல்லீங்க” என்றாள். ரீட்டா சிரிக்கவில்லை. என் கையை மவுசோடு சேர்த்துத் தூக்கி மேஜையின் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த அறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அதிகம் அடிப்பது இரங்கல் போஸ்டர்தான். சனிக்கிழமை காலையில் யாராவது போயிருந்தால், அவர் முகம் பாதி வேலையோடு திரையில் நிற்கும். ரீட்டா அதைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு எங்களுக்கு வெள்ளைப் பக்கம் திறந்து கொடுப்பாள். நாங்கள் பேரனுக்கும் பேத்திக்கும் ரோஜா ஒட்டிக்கொண்டிருக்கும்போது அடியில் ஒரு செத்த முகம் இருக்கும். கை தவறி எதையாவது அமுக்கினால் அது மேலே வந்து நம்மைப் பார்க்கும். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிடுவேன். “அவுங்க பாட்டுக்கு இருக்காங்க, நீங்க உங்க வேலையப் பாருங்க” என்பாள் ரீட்டா.

அவள் எங்களுக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தாள். ஒன்று, பக்கத்தை முடித்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். மற்றவர் அதில் உட்கார்ந்து பார்த்து, முதலில் நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். குறை அதற்குப் பிறகுதான். ஜோதிக்கு இது பெரிய கஷ்டம். என் முதல் பக்கத்தைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, “வெள்ளை நல்லா வெள்ளையா இருக்குதுங்க” என்றாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

இரண்டாவது சட்டம், செய்த பக்கத்தை அழிப்பதற்கு முன்னால் ரீட்டாவைக் கேட்க வேண்டும். அதை நான் மட்டும் மீறிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போது என் பக்கத்தைத் திரும்பப் பார்ப்பேன். ஜோதி செய்தது பத்திரிகைப் படம் போல இருக்கும். என்னுடையதில் மகள் முகம் ஒரு பக்கம் சாய்ந்து, எழுத்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். படிக்காதவள் கை இது என்று யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். ரீட்டா ஜன்னலைச் சாத்தப் போகிற நேரம் பார்த்து அழித்துவிடுவேன். அவள் கேட்டால் கரண்ட் போய்விட்டது என்று சொல்வேன்.

அது பொய்யாகவும் தெரியாது. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போன காலம். விளக்கு அணைந்ததும் மேஜைக்கடியில் இருக்கிற பேட்டரிப் பெட்டி கூவ ஆரம்பிக்கும். முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். “கூவுது, சேவ் பண்ணுங்க” என்பாள் ரீட்டா. கடைசி நாலைந்து மாதமாக, கரண்ட் இருக்கும்போதே அதைச் சொன்னாள். ஒரு பூ ஒட்டினால் சேவ், ஒரு எழுத்து அடித்தால் சேவ். “என்ன அவசரம் உனக்கு?” என்று ஜோதி சலித்துக்கொண்டாள். அவசரம் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

எனக்கென்று ஒரு வேலை வந்தது மல்லிகையால். ஒரு சனிக்கிழமை கட்டி மிஞ்சிய சரத்தை மடியோடு கொண்டுவந்திருந்தேன். ரீட்டா அதை வாங்கி ஸ்கேனர் கண்ணாடி மேல் வைத்தாள். பூ கசங்கும் என்று மூடியை மூடவில்லை. கரண்ட் இல்லாத இருட்டில் பேட்டரியில் ஓடிய ஸ்கேனரின் வெளிச்சம் மட்டும் பூவுக்கு அடியில் மெதுவாக ஊர்ந்து போனது. திரையில் வந்ததைப் பார்த்து மூன்று பேரும் முன்னால் குனிந்தோம். மூடி திறந்திருந்ததால் பின்னால் ஒரே கறுப்பு. அதில் என் சரம் ஒவ்வொரு மொட்டாக, நார் முடிச்சோடு, வெள்ளை வெளேரென்று கிடந்தது.

“இந்த பார்டர் உலகத்துல எந்தக் கம்ப்யூட்டர்லயும் இல்லக்கா. இம்புட்டு நெருக்கமா கட்ட உங்க கைக்குத்தான் வரும்” என்றாள் ரீட்டா. என் வயசுக்கு என் கையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எங்களுக்கு அவ்வளவு தெம்பு சொன்னவள் தனக்கென்று ஒரு பக்கத்தை முடித்ததில்லை. பின்னணி செய்வாள், சுற்றிலும் பார்டர் போடுவாள், நடுவில் போட்டோ வைக்கிற இடத்தைக் காலியாக விட்டுவிடுவாள். கேட்டால், “எனக்கு மூஞ்சி வைக்க வரலக்கா. எதை வச்சாலும் கெட்டுப்போகுது” என்பாள். போன ஆடி மாதம் ஒருநாள் ஸ்டுடியோவில் புதிதாக எடுத்த தன் போட்டோவை என்னிடம் நீட்டினாள். நீலச் சேலை, தலையில் பூ இல்லை. “என்னைய வச்சு நீங்க ஒண்ணு செய்யுங்கக்கா. உங்களுக்கு வரும்.”

மூன்று சனிக்கிழமை செய்தேன். இதையாவது அழிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு செய்தேன். எனக்கு நன்றாக வருவது மல்லிகைதானே. அவள் முகத்தைச் சுற்றி நாலு பக்கமும் மல்லிகைச் சரத்தை வைத்தேன். கீழே நடுவில் சரம் கொஞ்சம் தொங்கினால் அழகாக இருக்கும் என்று தொங்கவிட்டேன். பின்னால் அதே கறுப்பு. முடித்துவிட்டு எழுந்தேன். ஜோதி உட்கார்ந்தாள். நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். அவள் நிமிர்ந்து ரீட்டாவைப் பார்த்தாள், பிறகு என்னை.

“ஏனுங்க முத்தக்கா” என்றாள் மெதுவாக. “உசுரோட நிக்கிறவளுக்கு மாலை போட்டு வெச்சிட்டீங்களே.”

அப்போதுதான் எனக்குக் கண் தெரிந்தது. காலையில் சுருக்கிக் கீழே தள்ளிய போஸ்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பிறப்பு, இறப்பு எழுதாததுதான் பாக்கி. இருபது வருசமாகப் பூக்கட்டுகிறவள், எந்தப் போட்டோவுக்கு மாலை போடுவார்கள் என்று தெரியாதவளா? பார்டர் பார்டர் என்று நினைத்து நினைத்து மறந்துபோனேன்.

ரீட்டா வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “மூஞ்சி நேரா வந்திருக்கு பாருங்க. சாயவே இல்ல” என்றாள். நல்லதாக ஒன்று சொல்லும் சட்டத்தை அன்றைக்கும் அவள்தான் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு குறை எதுவும் சொல்லவில்லை. பேட்டரிப் பெட்டி கூவ ஆரம்பித்தது. அவள் ஜன்னல் பக்கம் போனதும் அந்தப் பக்கத்தை அழித்தேன்.

அதற்கடுத்த வாரங்களில் அவள் ரவிக்கை தோளில் நிற்கவில்லை. ஊக்கு குத்தியிருந்தாள். மதுரைக்கு வேலையாகப் போகிறேன் என்று அடிக்கடி போனாள். வந்த அன்றைக்கு மவுசை ஜோதியிடம் கொடுத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். என்ன சீக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் கட்டிய சரம் அவள் கழுத்தில் இறுக ஆரம்பித்துவிட்டது என்று. சனிக்கிழமை போவதை நிறுத்தினேன். பூக்கட்டும்போது கூட கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவளே நான் இருக்கிற இடத்துக்கு வந்தாள். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணி கொடுத்தேன், ஒரு மடக்குக்கு மேல் இறங்கவில்லை.

“ஏங்க்கா வரல?”

“எனக்கு அதெல்லாம் வராதும்மா. விடு.”

“வராமயா அம்புட்டு அழகா செஞ்சீங்க?”

“அதைப் பேசாத ரீட்டா. உன் கால்ல விழுறேன். அதை அழிச்சிட்டேன்.”

“என்னையக் கேட்டீங்களா?” என்றாள். கோபம் இல்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. “அழிக்கிறதுக்கு முன்னாடி என்னையக் கேக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்.” எழுந்து, என் தட்டிலிருந்து ஒரு கண்ணி மல்லிகை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். “வாரேன்க்கா” என்று சொல்லிப் போனாள். நான் பார்த்தது அதுதான் கடைசி.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்தோணி ஒரு சி.டி.யைக் கொண்டுவந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு அட்டை அடிக்க வேண்டும். அதில் எந்தப் படம் என்று ரீட்டாவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அதை நான்தான் முடித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். நாங்கள் சென்டருக்குப் போனோம், ஜோதி சி.டி.யைத் திறந்தாள். என் பெயரில் ஒரு பெட்டி, ஜோதி அதை ஃபோல்டர் என்றாள். உள்ளே நான் அழித்த பக்கங்கள். மகள் முகம் சாய்ந்தது, எழுத்து முட்டியது, ஒன்று விடாமல். அழித்ததெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் போய்க் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் போன பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அதிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள். கடைசியில் அது இருந்தது. கறுப்பு, நாலு பக்கமும் மல்லிகை, நேராக ரீட்டா. பக்கத்தில் அவள் பெயரில் இன்னொரு பெட்டி. அதில் இருந்த பக்கங்களில் எல்லாம் நடுவிடம் காலி.

“என்னால முடியாது தம்பி” என்றேன். “நான் போட்ட மாலைதான் அவளைக் கொண்டுபோச்சு.”

அந்தோணி ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அக்கா, அவளுக்குச் சித்திரையிலயே தெரியும். டாக்டர் சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டா. நீங்க இதைச் செஞ்சது ஆடியில.”

கேட்டு நெஞ்சு லேசாகும் என்று நினைப்பீர்கள். ஆகவில்லை. அப்படியானால் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் பார்த்தது எதை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, மூஞ்சி நேராக வந்திருக்கிறது என்று சொன்னாள். என் கை வேலையை விட்டுவிடக் கூடாது என்று சொன்னாளோ, தனக்கே ஒரு பக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னாளோ, இனிமேல் யாரைக் கேட்பது?

அட்டையை நான்தான் முடித்தேன். படத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. பாக்கியிருந்த இரண்டு வரியை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன், ஒரு எழுத்துக்கு ஒரு சேவ். முடித்துவிட்டு எழுந்தேன். ஜோதி உட்கார்ந்தாள். திரையில் மல்லிகையைத் தொட்டு, “பூ வாடலீங்க அக்கா” என்றாள்.

நாளைக்குப் பூசையில் அந்த அட்டை உங்கள் கைக்கு வரும். மாலை போட்ட கை யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். சி.டி. என்னிடம் இருக்கிறது. இந்தத் தாளிலும் நாலைந்து இடத்தை அடித்துவிடலாம் என்று தோன்றியது. அழிப்பதற்கு முன் ரீட்டாவைக் கேட்க வேண்டும். கேட்க அவள் இல்லை. அதனால் நான் இப்போது எதையும் அழிப்பதில்லை.