அந்த நாட்டு ஆள்

“…அதனால இந்தக் கல்லோட எங்க நாடு முடிஞ்சுதுங்க. அருவி அந்த நாட்டோடது. அவங்க ஆளு வந்து கூப்புடோணும். நாமளா போயி நிக்கிறது மொறை இல்லீங்க சாமி,” என்கிறார் சடையன். கொல்லிமலையைச் சுற்றிக் காட்ட நான் அமர்த்திய வழிகாட்டி அவர். இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு.

அருவியின் இரைச்சல் காதில் விழுகிறது, கண்ணில்தான் படவில்லை. உச்சிப்பொழுதுக்குள் இறங்கத் தொடங்காவிட்டால் அடிவாரத்தில் நிற்கும் வண்டி என்னை விட்டுப் போய்விடும். இதற்காகவா விடியலிலிருந்து மூச்சு வாங்க ஏறினேன்?

“இதைக் கிளம்பும்போதே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலீங்களே. போன வருசம் நெலம் அளக்க வந்த வெள்ளக்காரத் தொரையே இந்தக் கல்லு மேலதானுங்க குந்தியிருந்தாரு.”

“எவ்வளவு நேரம்?”

“பொழுது சாயற மட்டுங்க. நல்ல மனுசன்.”

வேறு நாளாயிருந்தால் இந்தப் பேச்சை ரசித்து நோட்டில் குறித்துக்கொள்வேன். இன்று பல்லைக் கடிக்கிறேன். சடையன் எதிர்ச்சரிவைப் பார்த்துக் கூவுகிறார். அங்கே சாமைக் காட்டிலிருந்து பதிலுக்கு ஒரு கூவல் வருகிறது.

“என்ன சொல்கிறான்?”

“கதிரறுத்துட்டு வாரானாமுங்க.”

பொறுமை போய், நானே கல்லைத் தாண்டி நடக்கிறேன். இருபதடி தள்ளிப் பாதை மூன்றாகப் பிரிகிறது. திரும்பிப் பார்க்கிறேன்.

“போங்க சாமி, அதுல ஒண்ணு அருவிக்குத்தானுங்க போகுது,” என்று சொல்லிவிட்டு, சடையன் கல்லுக்குத் தன் நாட்டுப் பக்கத்திலேயே படுத்துக் கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்கிறார்.